80-இல் நடுங்கும் ஸ்டீயரிங்: ஒரு ஜீப், ஒரு போன், ஒரு சாக்பீஸ்

போன வருஷக் கடைசியில் கோவையிலிருந்து சேலம் போய்க்கொண்டிருந்தோம். பவானி தாண்டி காவிரிப் பாலத்தில் ஏறியதும் பாலத்தின் இணைப்பு ஒன்றில் முன் சக்கரம் 'டக்' என்று இறங்கி ஏறியது. அடுத்த நொடி ஸ்டீயரிங் என் கையில் இல்லை. இடமும் வலமுமாக, யாரோ பிடித்து உலுக்குவது போல ஆடியது. பிரேக்கை மெல்ல மிதித்து வேகம் 50-க்குக் கீழே வந்த பிறகுதான் நின்றது. பின்னால் லாரி. பின் சீட்டில் என் மகள். "அப்பா, வண்டிக்கு ஜுரமா?" என்று கேட்டாள். சிரிக்கத்தான் முயன்றேன், வரவில்லை.

அதற்கு முன்பும் நடுக்கம் இருந்தது. 75-இல் ஆரம்பித்து 90 வரை ஸ்டீயரிங்கில் மெல்லிய உதறல், 95 தாண்டினால் குறைந்துவிடும். அதைப் பொருட்படுத்தாமல் இரண்டு மாதம் ஓட்டியிருந்தேன். பாலத்துக்குப் பிறகு அப்படி விட முடியவில்லை.

வண்டியைப் பற்றி ஒரு வரி. பழைய ஜீப் வகை: முன்னாலும் பின்னாலும் முழு அச்சு, நான்கு பக்கமும் பட்டை ஸ்பிரிங், தேவைப்படும்போது மட்டும் நான்கு சக்கர ஓட்டம். கம்பெனி போட்ட டயர் 205/70 ஆர் 15. காட்டுப் பாதை ஆசையில் நான் போட்டது 235/75 ஆர் 15 மட் டயர், வெளியே வாங்கிய அலாய் ரிம், நீளமான ஷேக்கில் போட்டு இரண்டு அங்குல உயர்த்தல். ஆக, இனி நீங்கள் படிக்கப்போகும் எல்லாக் கோளாறுகளும் என் சொந்தச் சம்பாத்தியம்.

கிடைத்த மூன்று தீர்ப்புகள்

முதலில் டயர் கடை. வீல் பேலன்சிங் செய்தார்கள், ஒரு வாரம் நன்றாக இருந்தது. பிறகு ஒரு பஞ்சருக்குக் கழற்றி மாட்டியதும் மறுபடி நடுக்கம். திரும்பப் போய் பேலன்சிங் செய்தால் இந்த முறை இன்னும் மோசம். மூன்றாம் முறை பரவாயில்லை. இந்த ஒழுங்கின்மைதான் பின்னால் முக்கியத் துப்பாக மாறியது. அப்போது எனக்கு உறைக்கவில்லை.

இரண்டாவது அலைன்மென்ட் கடை. "டோ சரியா இருக்கு சார், எங்க வேலை முடிஞ்சது."

மூன்றாவது ஜீப் மெக்கானிக் அண்ணன். "ஸ்டீயரிங் டேம்பர் ஒண்ணு போட்டுடலாம் சார். ஆட்டம் அப்படியே அமுங்கிடும்." அவர் சொன்னது பொய்யில்லை, அமுங்கும். ஆனால் புரோகிராம் எழுதிப் பிழைக்கிற எவருக்கும் இந்த யோசனை பழக்கமானதுதான். எர்ரர் வருகிற இடத்தில் அதைப் பிடித்து விழுங்கிவிடுவது. லாக் சுத்தமாக இருக்கும், கோளாறு உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும். "அண்ணே, ஒரு வாரம் டைம் குடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

முதல் கேள்வி: எத்தனை தடவை ஆடுகிறது?

நடுக்கத்தைப் பற்றி எல்லாரும் 'அதிகம், கொஞ்சம்' என்றுதான் பேசுகிறோம். அதைவிடப் பயனுள்ள கேள்வி, ஒரு நொடிக்கு எத்தனை தடவை என்பது. வண்டியில் சுற்றுகிற ஒவ்வொரு பாகத்துக்கும் தனித் தாளம் உண்டு. தாளம் தெரிந்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

சக்கரத்தின் தாளத்தைக் கண்டுபிடிக்க அதன் சுற்றளவு வேண்டும். டயர் அளவை வைத்துக் கணக்குப் போட்டால் 235/75 ஆர் 15-க்கு விட்டம் சுமார் 733 மி.மீ., சுற்றளவு 2.30 மீட்டர். ஆனால் பாரம் ஏறும்போது டயர் கொஞ்சம் அமுங்கும், உருளும் சுற்றளவு அதைவிடக் குறையும். அதனால் டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, தெருவில் பத்து சுற்று தள்ளி, டேப் வைத்து அளந்தேன். 22.3 மீட்டர். ஒரு சுற்றுக்கு 2.23.

வேகத்தை 3.6-ஆல் வகுத்தால் நொடிக்கு எத்தனை மீட்டர் என்பது வரும். அதைச் சுற்றளவால் வகுத்தால் நொடிக்கு எத்தனை சுற்று என்பது, அதாவது ஹெர்ட்ஸ்:

60 கி.மீ. – 7.5
70 கி.மீ. – 8.7
80 கி.மீ. – 10.0
90 கி.மீ. – 11.2
100 கி.மீ. – 12.5

ஒரு எச்சரிக்கை. பெரிய டயர் போட்ட வண்டியில் ஸ்பீடோமீட்டரை நம்பாதீர்கள். என் புது டயர் பழையதைவிட ஏறக்குறைய 10 சதவீதம் பெரியது. அதனால் மீட்டரில் 73 என்றால் நிஜத்தில் 80. இது தெரியாமல் முதல் நாள் எடுத்த கணக்கு எதுவும் ஒத்துவரவில்லை. ஜிபிஎஸ் வேகத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

புரொப்பெல்லர் ஷாஃப்ட் இதைவிட வேகமாகச் சுற்றும். என் டிஃபரன்ஷியல் விகிதம் 3.9. ஆகவே 80-இல் ஷாஃப்ட் நொடிக்கு 39 சுற்று. அதன் யுனிவர்சல் ஜாயின்ட் கோளாறு ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை உதைக்கும் என்பதால் அது 78. பொதுவாக, 10-ஐ ஒட்டிய நடுக்கத்தைக் கை ஸ்டீயரிங்கில் உணரும். 40, 80 எல்லாம் தரையிலும் சீட்டிலும் ரீங்காரமாகத் தெரியும்.

போன் சொன்ன உண்மையும் ஒரு பொய்யும்

ஞாயிறு விடியற்காலை, காலியான நெடுஞ்சாலை. ஒரு போனை ஸ்டீயரிங் தண்டின் உறையில் கட்டினேன், இன்னொன்றைச் சீட் ரெயிலில். நண்பர் பக்கத்தில் உட்கார்ந்து குறித்துக்கொண்டார். 60-இலிருந்து 95 வரை ஐந்து ஐந்தாக, ஒவ்வொரு வேகத்திலும் 30 நொடி. ஆக்சலரோமீட்டர் நொடிக்கு 100 மாதிரி எடுத்தது. வீட்டுக்கு வந்து எஃப்.எஃப்.டி. போட்டுப் பார்த்தேன். கலந்து கேட்கிற சத்தத்தைச் சுருதி சுருதியாகப் பிரித்துக் காட்டுகிற கணக்கு அது.

ஸ்டீயரிங் போனில் சந்தேகமே இல்லை. 80-இல் 10 ஹெர்ட்ஸ், 90-இல் 11.2. மேலே உள்ள பட்டியல் அப்படியே. சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒரு உதை கொடுக்கிறது.

சீட் போனில்தான் குழப்பம். 80-இல் 22 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் இன்னொரு முகடு. சக்கரத் தாளத்தின் இரண்டு மடங்கு போல இருக்கிறதே, டயர் முட்டை வடிவமாகிவிட்டதோ என்று ஒரு நாள் முழுக்க அதன் பின்னால் அலைந்தேன். பிறகுதான் கவனித்தேன், 84-இல் அந்த முகடு 18-க்கு *இறங்கியிருந்தது*. வேகம் கூடினால் தாளம் குறையுமா? எந்தச் சக்கரமும் அப்படிச் செய்யாது.

இது மாதிரி எடுப்பதில் வரும் பழைய பொறி. நொடிக்கு 100 மாதிரி எடுத்தால் 50 ஹெர்ட்ஸ் வரைதான் நேராகத் தெரியும். அதற்கு மேலே உள்ளது கண்ணாடியில் பட்டதுபோல மடங்கி விழும். 78 ஹெர்ட்ஸ் உதறல் 22 ஆகத் தெரியும், 82 ஆனது 18 ஆகத் தெரியும். சினிமாவில் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுற்றுகிற அதே மாயம். மாதிரி வேகத்தை 400-க்கு மாற்றி மறுபடி ஓட்டினேன். 22 காணாமல் போய் 78-இல் முகடு நின்றது. டயர் குற்றமற்றது, இது ஷாஃப்ட்.

எந்த ஷாஃப்ட்? கடைசியாகக் காட்டுப் பாதைக்குப் போய் வந்தபோது முன் சக்கர லாக்கிங் ஹப்பைத் திறக்க மறந்திருந்தேன். ஹப் பூட்டியிருந்தால் இரண்டு சக்கர ஓட்டத்திலும் முன் ஷாஃப்ட் வெட்டியாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். திறந்துவிட்டு ஓட்டினேன், ரீங்காரம் போய்விட்டது. அது ஏன் உதைக்கிறது என்பதைப் பின்னால் சொல்கிறேன். இங்கே எடுத்துக்கொள்ள வேண்டியது, என் வண்டியில் இருந்தது ஒரு நடுக்கம் அல்ல, இரண்டு. இரண்டையும் ஒன்றாக நினைத்துத் தேடியிருந்தால் எதுவும் கிடைத்திருக்காது.

பேலன்ஸ் ஆன சக்கரம் ஏன் உதைக்கிறது?

இப்போது சுற்றுக்கு ஒரு உதைக்கு வருவோம். ரிம்முக்கு உள்பக்கம் காய்ந்த சேறு ஒட்டியிருந்தாலே போதும் இது வர, அது இல்லை. டயரில் புடைப்பு இல்லை. காற்று சரி. பேலன்சிங் மூன்று முறை ஆகிவிட்டது.

முன் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கி, ரிம் விளிம்பில் டயல் கேஜ் வைத்து மெல்லச் சுற்றினேன். கேஜ் முள் மொத்தம் 1 மி.மீ. போய் வந்தது. நட்டுகளைக் கழற்றி அதே சக்கரத்தை மறுபடி மாட்டி அளந்தேன், 0.4. இன்னொரு முறை, 0.8. ஹப்பை மட்டும் அளந்தால் முள் அசையவே இல்லை.

அப்போதுதான் டயர் கடை வரலாறு புரிந்தது. பேலன்சிங் மெஷினில் சக்கரத்தை அதன் நடு ஓட்டையில் கூம்பு வைத்து மையப்படுத்துகிறார்கள். வண்டியில் கம்பெனி ரிம்மின் நடு ஓட்டை ஹப்பின் மேல் கச்சிதமாக உட்காரும். நான் வாங்கிய அலாய் ரிம்மின் நடு ஓட்டை பல வண்டிகளுக்கும் பொருந்தட்டும் என்று பெரிதாக விடப்பட்டது. ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே இடைவெளி. மையப்படுத்துகிற பொறுப்பு முழுக்க நட்டுகளுக்கு. நான் போட்டதோ பழைய நட்டு, அதன் மூக்கு வடிவம் இந்த ரிம்மின் குழியோடு சரியாகப் பொருந்தவில்லை. அதுவும் சக்கரம் தரையில் இருக்கும்போது ஏர் கன்னால் இறுக்கியது. ஆகவே ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் சக்கரம் ஒவ்வொரு இடத்தில் உட்காரும். ஒரு வாரம் நன்றாக, ஒரு வாரம் மோசமாக. நம் தொழிலில் 'என் மெஷினில் வேலை செய்கிறதே' என்று சொல்கிற அதே நோய்!

1 மி.மீ. அவ்வளவு பெரிய விஷயமா? முள் 1 மி.மீ. போனால் மையம் அரை மி.மீ. விலகியிருக்கிறது என்று பொருள். டயரோடு சக்கரத்தின் எடை சுமார் 25 கிலோ. நொடிக்கு 10 சுற்றில் அந்த அரை மி.மீ. விலகல் தரும் மையவிலக்கு விசை கிட்டத்தட்ட 49 நியூட்டன், அதாவது 5 கிலோ எடை. ரிம் விளிம்பில் 66 கிராம் ஈயம் ஒட்டியதற்குச் சமம். இது பாதிக் கதைதான். வட்டம் தப்பிய டயர் சாலையை அழுத்தி அழுத்தி விடும். டயரை ஒரு மி.மீ. அமுக்க 200 நியூட்டன் போல வேண்டும். ஆகவே அரை மி.மீ.க்கு இன்னொரு 100 நியூட்டன். இந்த இரண்டாவது விசையை எந்த ஈயக் கட்டியாலும் சரிசெய்ய முடியாது.

தீர்வு மலிவானது. லேத் பட்டறையில் ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே உட்காரும் அலுமினிய வளையம் நான்கு கடைந்து வாங்கினேன். ரிம்முக்கு ஏற்ற மூக்குள்ள நட்டு போட்டேன். சக்கரத்தை அந்தரத்தில் வைத்து எதிரெதிராக இறுக்கி, கடைசியில் டார்க் ரெஞ்ச். இப்போது எத்தனை முறை மாட்டினாலும் கேஜில் 0.2-க்குள்.

ஏன் 80-இல் மட்டும்?

மையவிலக்கு விசை வேகம் கூடக் கூட ஏறிக்கொண்டே போகும். அப்படியானால் 100-இல் நடுக்கம் இன்னும் மோசமாக அல்லவா இருக்க வேண்டும்?

ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கென்று ஒரு தாளம் உண்டு. அந்தத் தாளத்தில் ஒரு விரலால் தள்ளினாலும் போதும், உயரே போகும். அச்சும் சக்கரங்களும் ஒரு பக்கம் டயர் மேலும் மறுபக்கம் ஸ்பிரிங் மேலும் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றின் இயல்பான தாளம் பெரும்பாலான வண்டிகளில் 10 முதல் 15 ஹெர்ட்ஸ். டயர் கனமானால் அது கீழே இறங்கும். என் வண்டியில் அது 10-ஐ ஒட்டி வந்து நின்றது. 80 கி.மீ. வேகத்தில் சக்கரத்தின் தாளமும் அதே 10.

முழு அச்சில் இன்னொரு சிக்கல் உண்டு. சுற்றுகிற சைக்கிள் சக்கரத்தை இரண்டு கையால் பிடித்துச் சாய்த்துப் பாருங்கள், அது பக்கவாட்டில் திரும்பப் பார்க்கும். முழு அச்சில் ஒரு சக்கரம் மேடேறினால் அச்சு முழுதும் சாய்கிறது, இரண்டு சக்கரமும் சேர்ந்து சாய்கின்றன. அந்தச் சாய்வு ஸ்டீயரிங் திரும்பலாக மாறுகிறது, அந்தத் திரும்பல் மறுபடி சாய்வை ஊட்டுகிறது. 1920-களில் கார் கம்பெனிகளை இந்த ஷிம்மி படாத பாடு படுத்தியது. ஜெனரல் மோட்டார்ஸ் 1934 மாடல்களில் முன் சக்கரங்களைத் தனித்தனியாகத் தொங்கவிட்டதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த வேலையில் முன்னின்றவர் மாரிஸ் ஆலி என்ற பொறியாளர். ஜிப்ஸி, ஜிம்னி, ராங்லர் போன்றவை காட்டுப் பாதைக்கு உதவும் என்பதால் முழு முன் அச்சிலேயே நின்றுவிட்டவை. 2020 தாருக்குத் தனித்தனி முன் சஸ்பென்ஷன். உங்கள் வண்டி எந்த வகை என்பதைப் பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

பாலத்தில் நடந்தது வேறு

ஞாயிறு ஓட்டத்தில் ஓர் இணைப்பில் இறங்கியபோது பாலத்து ஆட்டம் சின்னதாக மறுபடி வந்தது. போனிலும் பதிவானது. பதிவைப் பார்த்து நான் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். வேகம் 80-இலிருந்து 55 வரை இறங்குகிறது. சக்கரத்தின் தாளம் 10-இலிருந்து 6.9-க்கு இறங்குகிறது. ஆட்டமோ 9-ஐ ஒட்டியே நிற்கிறது.

இதுதான் இரண்டுக்கும் வித்தியாசம். தாளம் வேகத்தோடு சேர்ந்து நகர்ந்தால், யாரோ வெளியிலிருந்து தள்ளுகிறார்கள்: சக்கரம், டயர், ரிம். தாளம் வேகத்தைப் பொருட்படுத்தாமல் ஒரே இடத்தில் நின்றால், அமைப்பு தன்னைத்தானே ஆட்டிக்கொள்கிறது. வெளிநாட்டு ஜீப்காரர்கள் டெத் வொபிள் என்று பயந்து சொல்வது இதைத்தான். பேலன்சிங் இதைத் தொடக்கூடச் செய்யாது. அமைப்பில் எங்கோ தளர்வு இருக்கிறது.

தேடினேன். நண்பர் ஸ்டீயரிங்கைச் சின்னச் சின்னதாக ஆட்ட, நான் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டிலும் விரல் வைத்துப் பார்த்தேன். டை ராட் எண்ட் ஒன்றில் பிளே இருந்தது. டை ராடைக் கழற்றி, நக்கிளை ஸ்பிரிங் தராசால் இழுத்துப் பார்த்தபோது பெரிய ஆள் சிக்கினார்: கிங் பின் பேரிங். கையேட்டில் சொன்ன இறுக்கத்தில் பாதிகூட இல்லை, விரலால் தள்ளினாலே திரும்பியது. பேரிங் மாற்றி, ஷிம் குறைத்து இறுக்கம் கொண்டுவந்தோம்.

கடைசியாக என் உயர்த்தல் வேலை. இந்த வண்டியில் முன் பட்டையின் ஷேக்கில் முன்பக்கம் இருக்கிறது. அதை நீளமாக்கியதும் அச்சு முன்னோக்கிக் கவிழ்ந்தது, கிங் பின்னின் மேல்முனை முன்னால் போனது. காஸ்டர் கோணம் குறைந்தது. தள்ளுவண்டிச் சக்கரம் தானாக நேராவதுபோல ஸ்டீயரிங்கை நேராக்கும் கோணம் அது. அதே கவிழ்ப்பில் பினியன் மேலே தூக்கிக்கொண்டது. ஷாஃப்ட்டின் இரண்டு முனைக் கோணங்களும் சமமாக இருந்தால்தான் ஜாயின்ட்டுகளின் உதறல் ஒன்றையொன்று தின்னும். சமம் போனது, 78 ஹெர்ட்ஸ் வந்தது. பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே ஆப்புத் தகடு வைத்து அச்சைப் பழைய சாய்வுக்குத் திருப்பினோம். காஸ்டரும் ஷாஃப்ட்டும் ஒரே ஆப்பில் சரியாயின.

உங்களுக்கு வந்தால்

1. சேறு, காற்று, டயர் புடைப்பு, நட்டு இறுக்கம். செலவில்லாதவை முதலில்.
2. ஜிபிஎஸ் வேகத்தில் எந்த வேகத்தில் தொடங்கி எங்கே முடிகிறது என்று எழுதி வையுங்கள். பிரேக் போடும்போது மட்டும் வந்தால் டிஸ்க், டிரம் பக்கம் போங்கள்.
3. கையிலா, சீட்டிலா? லாக்கிங் ஹப்பைத் திறந்தும் பூட்டியும் பாருங்கள்.
4. போன் பதிவு. தாளம் வேகத்தோடு நகர்கிறதா, நிற்கிறதா?
5. நகர்ந்தால், சக்கரத்தை *வண்டியிலேயே வைத்து* டயல் கேஜ். நின்றால், டை ராட், கிங் பின், வீல் பேரிங், காஸ்டர்.
6. டேம்பர் கடைசியில்.

பாலத்து ஆட்டம் வந்துவிட்டால் ஸ்டீயரிங்கை எதிர்த்துத் திருப்பிப் போராட வேண்டாம். கட்டைவிரலை உள்ளே விடாமல் உறுதியாகப் பிடித்து, நேராக, மெல்ல வேகம் குறையுங்கள். மறுபடி நெடுஞ்சாலை ஏறுவதற்கு முன் காரணத்தைக் கண்டுபிடியுங்கள்.

இன்னொன்றையும் மறைக்க விரும்பவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது என் டயரைத்தான். இந்த ஆராய்ச்சிக்குப் பிறகு உயர்த்தலைக் கழற்றிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எல்லாம் முடிந்து அதே பாதையில், அதே போனோடு ஓட்டினேன். 80-இல் 10 ஹெர்ட்ஸ் முகடு பழையதில் ஐந்தில் ஒரு பங்கு. காவிரிப் பாலத்து இணைப்பில் முன் சக்கரம் 'டக்' என்று இறங்கி ஏறியது. ஸ்டீயரிங் ஒரு முறை சிலிர்த்து, நின்றுகொண்டது. மெக்கானிக் அண்ணனிடம் வரைபடத்தைக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "இப்ப டேம்பர் போட்டா இன்னும் நல்லா இருக்கும் சார்" என்றார். போட்டுவிட்டேன். இப்போது அது மறைக்க அங்கே ஒன்றும் இல்லை.